தாத்தாவுக்கு வைத்த பிராந்தி

1957 ஜனவரி 13ஆம் தேதி மதியம், மலாக்கா காஜா பெராங்கிலுள்ள கம்போங் செட்டியில், தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்க்கும் சின்னப்பா பிள்ளை தன் தாத்தாவின் படையல் இலைமேல் குப்புற விழுந்தான்.

விழுந்தவன் உடனே எழுந்திருந்தால் கால் தடுக்கிவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். எழவில்லை. கன்னத்துக்கு அடியில் தேங்காய்ப்பால் சோறு இதமான சூட்டில் இருந்திருக்க வேண்டும். குறட்டை விட ஆரம்பித்தான்.

கம்போங் செட்டியில் வருஷத்துக்கு இரண்டு தடவை செத்தவர்களுக்கு விருந்து உண்டு. போகியன்று ஒன்று, பழ சீசனில் ஒன்று. பர்ச்சு என்பார்கள். உயிரோடிருந்தபோது யாருக்கு எது பிடித்ததோ அதைச் சமைத்து, இலை போட்டுப் பரிமாறி, சாம்பிராணி காட்டுவார்கள். இந்த வீட்டில் அதன்பிறகு கதவைச் சாத்திவிட்டு வாசலில் போய் நிற்பார்கள். உள்ளே பந்தி முடிந்திருக்கும் என்று தோன்றும்போது கதவைத் திறந்து, மிச்சத்தை உயிரோடிருப்பவர்கள் சாப்பிடுவார்கள். செத்தவர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். ஒரு பருக்கையைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

சின்னப்பாவின் தாத்தா பொன்னுதுரை பிள்ளைக்குப் பிடித்தது பிராந்தி. ஆகவே அவர் இலையோரம் ஒரு கிளாஸ் நிறையவும், பக்கத்தில் பாட்டிலும் இருக்கும். கதவு திறந்தபின் ஆணானாலும் பெண்ணானாலும் எல்லோரும் ஆளுக்கொரு வாய் குடித்தாக வேண்டும். பெரியவர் வைத்த மிச்சத்தைக் கீழே ஊற்றுவது பாவம். அந்த ஜனவரியில் சாம்பிராணி காட்ட உள்ளே போன சின்னப்பா, கதவு திறப்பதற்குள் கிளாஸையும் பாட்டிலையும் தனியாளாகக் காலி செய்திருந்தான். பாவம் எதுவும் மிச்சமில்லை.

அவன் சித்தப்பா ராமலிங்கம் பிள்ளை கதவு நிலையில் தொங்கிய பெரிய இரும்புச் சாவியை எடுத்துத் தன் இடுப்புச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். உஜோங் பாசிரில் குடியிருந்தாலும், அப்பா பொன்னுதுரை வாழ்ந்த இந்த வீட்டின்மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண். இந்த வீட்டில் இருப்பவன்தான் பர்ச்சு நடத்த வேண்டும். நடத்தத் தகுதியில்லாதவன் இருக்கக் கூடாது என்பது குடும்ப வழக்கம்.

"பழப் பர்ச்சு வரைக்கும் டைம் தர்றேன்," என்றார் சின்னப்பாவின் மனைவி சிவகாமியிடம். "அன்னைக்கு இவன் எல்லாரையும் மாதிரி ஒரு வாய் குடிச்சிட்டு நேரா நிக்கணும். ஆடினாலோ, விழுந்தாலோ, நீங்க ரெண்டு பேரும் வேற வீடு பாருங்க. வெள்ளைக்காரன் போறான், நாட்டுக்கே சாவி கைமாறப் போகுது. ஒரு வீட்டுக்கு மாறினா என்ன?"

பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய செட்டிமார் ஆதலால் அவர்கள் பேசியது மலாய்தான். தமிழ் அந்தத் தெருவில் சாமிக்கும் உறவுமுறைக்கும் மட்டும் மிஞ்சியிருந்தது. ஆனால் எந்த மொழியிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். சிவகாமிக்குப் போக்கிடம் கிடையாது. அம்மா வீடு தம்பி கையில், தம்பி அவன் பெண்டாட்டி கையில். பிள்ளைகளும் இல்லை. அவளுக்கென்று இருந்தது இந்த அடுப்படி, பின்கட்டுக் கிணறு, தாழ்வாரத்தில் ஒரு பாண்டான் செடித் தொட்டி. அப்புறம் அவள் புருஷன், எப்போதாவது நிமிர்ந்து நிற்கும்போது.

மறுவாரம் அவள் புங்ஙா ராயாவில் புதிதாகக் கிளினிக் வைத்திருந்த டாக்டர் கருணாகரனிடம் போனாள். யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனில் படித்துவிட்டு வந்தவர். நோயாளி இன்னும் அதிகம் சேராததால் உட்கார வைத்துப் பேசினார். மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளை மாத்திரைகள் நிறைந்த ஒரு புட்டியை எடுத்தார்.

"இது குடிக்கிற ஆசையை நிறுத்தாது, அம்மா. குடிச்சா என்ன நடக்கும்ங்கிறதை மாத்தும். இதை விழுங்கிட்டு ஒரு மடக்கு குடிச்சாலும் முகம் ரத்தமாச் சிவக்கும், நெஞ்சு அடிச்சுக்கும், குடல் வெளியே வர்ற மாதிரி வாந்தி. டென்மார்க்கில கண்டுபிடிச்சது."

"நல்ல மருந்து," என்றாள் சிவகாமி மனதார.

"ஆனா அவருக்குத் தெரிஞ்சு, அவர் சம்மதிச்சு விழுங்கணும். தெரியாமக் கொடுத்தா ஆளே போயிடலாம். விளங்குதா?"

சிவகாமி தலையாட்டினாள். பெரியவர்கள் சொன்னால் தலையாட்ட வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள்.

சின்னப்பா உடனே சம்மதித்தான். வீடு போய்விடும் என்ற பயம் அவனுக்கும் உண்டு. மலாக்காவில் எந்த வீட்டில் எந்த அலமாரியில் பாட்டில் இருக்கிறது என்று அவனுக்கு மனப்பாடம். மீட்டர் பார்க்கப் போகும் இடமெல்லாம் "வாங்க, ஒண்ணு சாப்பிட்டுப் போங்க" என்பார்கள். மீட்டர் கொஞ்சம் மெதுவாக ஓட வேண்டுமென்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? முதல் நாள் மாத்திரையை விழுங்கினான். மறுநாள் கிளேபாங்கில் ஒரு வீட்டில் பழக்கதோஷத்தில் ஒரு பீர். ஐந்து நிமிஷத்தில் முகம் பழுத்த ரம்புத்தான் நிறமானது. அந்த வீட்டுத் தண்ணீர் மீட்டரின் மேலேயே வாந்தியெடுத்தான். அந்த மாசம் அங்கே எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பது யாருக்கும் தெரியாமல் போனது.

அதன்பிறகு அவன் தினமும் காலையில் மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, ஆவென்று வாயைத் திறந்து காட்டி, தாழ்வாரத்துக்குப் போய்ச் சைக்கிளைத் துடைப்பான். ஒருநாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய சிவகாமி, பாண்டான் தொட்டியில் மண்ணோடு மண்ணாக வெள்ளைத் துண்டுகள் கிடப்பதைக் கண்டாள். அந்தச் செடிக்குக் குடிப்பழக்கம் இருந்திருந்தால் அன்றோடு திருந்தியிருக்கும்.

அவள் சத்தம் போடவில்லை. அன்று சம்பல் இடிக்கும்போது, மிளகாயோடும் சுட்ட பெலாச்சான் இறால் விழுதோடும் சேர்த்துச் சில மாத்திரைகளையும் உரலில் போட்டாள். சின்னப்பா சம்பல் இல்லாமல் சோற்றைத் தொட மாட்டான். சிவகாமிக்கு வயிற்றுப்புண், அவள் சம்பலைத் தொட மாட்டாள். டாக்டரின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. சித்தப்பாவின் இடுப்பில் தொங்கும் சாவியும் நினைவுக்கு வந்தது. உலக்கையை இன்னும் இரண்டு குத்து பலமாகப் போட்டாள்.

இப்போது சின்னப்பாவுக்கு ஒரு விசித்திரம் நடந்தது. மாத்திரையை ஒழுங்காகத் துப்புகிறான். ஆனாலும் குடித்தால் சிவக்கிறான், துடிக்கிறான், கக்குகிறான். மூன்று தடவை, மூன்று வெவ்வேறு வீடுகளில் பரீட்சை செய்து பார்த்தான். துப்பிய விஷயம் அவனுக்கும் செடிக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்ததால், அவனுக்கு ஒரே ஒரு பதில்தான் கிடைத்தது.

"சிவகாமி," என்றான் ஒருநாள், தாத்தாவின் படத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் மட்டும் கையைக் காட்டி. "அவர் கோபமா இருக்கார்."

"யாரு?"

"அவர்தான். இலையில விழுந்தேன் இல்ல?"

ஏப்ரலிலிருந்து அவன் குடிக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து தாத்தா படத்துக்குத் தானே சாம்பிராணி போட்டான். சிவகாமி அதைத் திருத்தப் போகவில்லை. டென்மார்க்கு மாத்திரையோ காஜா பெராங் தாத்தாவோ, யார் வேலை செய்தாலும் அவளுக்குச் சம்மதம்.

ஜூன் பிறந்து ரம்புத்தான் காய்க்கத் தொடங்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. பழப் பர்ச்சுவில் அவன் ஒரு வாய் குடித்தாக வேண்டும். அந்த ஒரு வாய்க்கே சம்பல் தன் வேலையைக் காட்டிவிடும். மறுபடியும் கிளினிக்குக்கு ஓடினாள்.

"ஒரு வாய் மட்டும், டாக்டர்."

"அரை வாயும் கூடாது."

"நண்பனோ யாரோ இல்ல, டாக்டர். தாத்தா கொடுக்கிறது."

"அந்தத் தாத்தாகிட்ட நான் பேசுறேன். எங்கே இருக்கார்?"

"முப்பத்தொண்ணாம் வருஷமே செத்துட்டார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லண்டனில் இதற்குப் பாடம் நடத்தியிருக்கவில்லை. "மாத்திரையை நிறுத்தினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் உடம்புல இருக்கும், அம்மா. அதுக்குள்ள குடிச்சா ஆபத்து. நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்."

அவளுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். மூன்று வாரம் இருக்கும்போதே மாத்திரை கலந்த சம்பல் ஜாடியை அரிசித் தகரத்துக்குப் பின்னால் தள்ளி, பழைய துணியைப் போட்டு மூடினாள். கொட்டிவிட மனசு வரவில்லை. பர்ச்சு முடிந்த மறுநாளே அது வேண்டியிருக்கும். புருஷனுக்குச் சுத்தமான புதுச் சம்பல் இடித்து வைத்தாள்.

பர்ச்சுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே சித்தப்பா குடும்பம் உஜோங் பாசிரிலிருந்து வந்து இறங்கியது. அவர், அவர் மனைவி மீனாச்சி, மகன்கள், மருமகள்கள், ஒரு கூடை மங்குஸ்தீன். மீனாச்சி மாமி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அடுப்படியைச் சோதனை போடுவாள். சுங்கத்துறை அவளை வேலைக்கு வைத்திருந்தால் மலாக்காத் துறைமுகத்தில் கடத்தலே நடந்திருக்காது.

சிவகாமி கிணற்றடியிலிருந்து வருவதற்குள் துணி விலகியிருந்தது.

"அடேயப்பா! இது என்ன புதையல்?" மாமி ஜாடியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். "எங்களுக்கு அந்தக் கிண்ணத்துல தண்ணிச் சம்பல். நல்லதை ஒளிச்சு வெச்சிருக்கே."

"மாமி, அது பழசு."

"பழசுதான் ருசி. எங்களுக்குத் தெரியாதா?"

"கெட்டுப்போச்சு மாமி, கொட்டணும்."

மாமி மூடியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண் விரிந்தது. "கெட்டுப்போச்சாம்! ஏங்க, இங்க வந்து பாருங்க உங்க அண்ணன் மருமகளோட பெருந்தன்மையை."

உண்மையைச் சொன்னால், சின்னப்பா தானாகத் திருந்தவில்லை, மருந்து வைத்துக் கட்டிப்போடப்பட்டவன் என்று ஆகும். சாவி போகும். சொல்லாவிட்டால்? அவள் வேறு சாக்குகளைச் சொல்லிப் பார்த்தாள்: பல்லி விழுந்தது, எறும்பு மொய்த்தது. ஒவ்வொன்றும் மாமியின் பசியைக் கிளறியது. மத்தியானம் ஜாடி சாப்பாட்டு மேசையின் நடுவில் வந்து உட்கார்ந்தது. ருசிக்காகப் பாதி, சிவகாமியின் கஞ்சத்தனத்துக்குப் பாடம் புகட்டப் பாதியாக, சித்தப்பா குடும்பம் இரண்டு நாளும் அதையே அள்ளி அள்ளிச் சாப்பிட்டது. ஒரு மருமகள் வெள்ளரிக்காயை அதில் தொட்டுத் தொட்டே சாப்பாட்டை முடித்தாள். சின்னப்பா கையை நீட்டியபோது மட்டும் சிவகாமி அவன் தட்டை இழுத்துக்கொண்டாள். அபாங் என்றுதான் மலாய் முறைப்படி புருஷனைக் கூப்பிடுவாள்.

"உங்களுக்கு இது, அபாங். விருந்தாளிக்கு அது."

"பாரு, புருஷனுக்குக்கூடத் தரமாட்டா," என்றாள் மாமி, வாய் நிறைய.

மிஞ்சியிருந்த ஒரே வழி, படையலன்று பிராந்தி இல்லாமல் செய்வது. முதல் நாள் சாயங்காலம் சிவகாமி பாட்டிலைத் தேடினாள். அது சித்தப்பாவின் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. சின்னப்பா கையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தால்.

பர்ச்சு நடந்தது. சித்தப்பாவே சாம்பிராணித் தட்டோடு உள்ளே காவல் நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் மாமரத்தடியில் காத்திருந்தார்கள். சித்தப்பா மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலத்துக்குத் தன் தலைமையில் போகப் போகும் செட்டிமார் அணியைப் பற்றிப் பேசினார். ஒருமுறை கையை உயர்த்திக் கோஷமும் போட்டுக் காட்டினார். மரத்திலிருந்த காகம் பறந்தது.

கதவு திறந்தது. வீட்டுக்காரன் முதலில் குடிக்க வேண்டும். சின்னப்பாவின் கை கிளாஸைப் பிடிக்கும்போதே நடுங்கியது. சித்தப்பா அதைக் கவனித்துத் திருப்தியோடு சங்கிலியைத் தடவினார். சின்னப்பா படத்தைப் பார்த்து, உதடு அசைய ஏதோ சொல்லி, ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

எதுவும் நடக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு மற்றதை.

கிளாஸ் வரிசையாகக் கைமாறியது. "எனக்கு வேணாம், வயித்துப்புண்," என்று சொல்லிச் சிவகாமி அதைத் தட்டிவிடப் பார்த்தாள். மாமி பிடுங்கி, அவள் வாயில் ஒரு ஸ்பூன் ஊற்றிவிட்டுத் தான் ஒரு பெரிய மடக்கு குடித்தாள். சித்தப்பா தன் பங்கைக் குடித்தார். செத்துப்போன அண்ணன் பங்கு என்று இன்னொன்று. நாட்டுக்காக ஒன்று.

முதலில் சிவந்தது மாமிதான். "இங்க ஏன் இவ்வளவு புழுக்கம்?" என்றாள். காது, கழுத்து, முழங்கை வரைக்கும் சிவப்பு ஏறியது. மூத்த மகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். வெள்ளரிக்காய் மருமகள் கிணற்றடிக்கு ஓடினாள், பாதியிலேயே நின்றுவிட்டாள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள், கதவு ஒன்றே ஒன்று இருந்தது. சித்தப்பா ஓடவில்லை. தாத்தாவின் இலைக்கு முன்னால் அப்படியே மடங்கி உட்கார்ந்து, அதே இலையில், சின்னப்பாவின் கன்னம் பதிந்த அதே இடத்தில், வாந்தியெடுத்தார்.

"அபாங், சைக்கிளை எடுங்க! டாக்டரைக் கூட்டிட்டு வாங்க!" சிவகாமியின் குரல் கிறீச்சிட்டது. இதுவரை அவள் நினைத்துப் பயந்தது வீட்டை. இப்போது சித்தப்பாவின் உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. அவர் தலையை மடியில் தூக்கி வைத்து, "செத்துடாதீங்க, செத்துடாதீங்க," என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தன் காரிலும் சின்னப்பா பின்னால் சைக்கிளிலும் வந்தார்கள். டாக்டர் சித்தப்பாவின் நாடியைப் பிடித்தார், ஊசி போட்டார், கால்களை உயர்த்தி வைக்கச் சொன்னார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அத்தனை சிவந்த முகங்கள். நடுவில் நிறம் மாறாமல் இரண்டே பேர். மேசையில் ஒரு ஜாடி. அவர் பார்வை ஜாடியிலிருந்து சிவகாமிக்கு வந்து அங்கேயே நின்றது.

"என்ன வியாதி, டாக்டர்?" என்று முனகினாள் மாமி.

"ரெண்டு வாரத்துக்கு யாரும் ஒரு சொட்டு குடிக்கக் கூடாது," என்றார் டாக்டர். வேறெதுவும் சொல்லவில்லை. லண்டன் டாக்டருக்கே பெயர் தெரியாத வியாதி என்பதை எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

நாடித் துடிப்பு சீராகும் வரை டாக்டர் நகரவில்லை. கிளம்பும்போது ஜாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சிவகாமி கார் வரைக்கும் போனாள்.

"இன்னும் கொஞ்சம் குடிச்சிருந்தா அந்த மனுஷன் பிணம்."

"தெரியும், டாக்டர்."

"தெரியாமக் கொடுக்காதேன்னு சொன்னேன். தலையாட்டினே."

அவள் இப்போதும் தலையாட்டினாள். தலையாட்டுவதை உணர்ந்ததும் வெட்கப்பட்டு நிறுத்தினாள்.

"இனி உனக்கு ஒரு மாத்திரைகூடக் கிடையாது. அவரே வந்து, என் முன்னால நின்னு கேட்டா மட்டும்தான்."

உள்ளே சின்னப்பா சித்தப்பாவுக்குக் கிண்ணம் பிடித்துக்கொண்டிருந்தான். கை கொஞ்சமும் ஆடவில்லை. சித்தப்பா பாய்மேல் படுத்தபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையாடா?"

"இல்ல சித்தப்பா. இந்த வருஷம் பூரா எனக்கு ஆனது இதுதான். குடிச்சா இப்படித்தான். தாத்தா கோபம். இன்னைக்கு என்னை விட்டுட்டார்."

"விட்டுட்டு?"

சின்னப்பா படத்தைப் பார்த்தான். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். பொன்னுதுரை பிள்ளை வழக்கம்போல் அஜீரணக்காரர் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

"இதைக் கழட்டு," என்றார் சித்தப்பா. சாவியைச் சங்கிலியிலிருந்து கழற்ற அவர் விரலில் சத்து இல்லை. "கழட்டுடா, என் இடுப்புல சுடுது."

சாவி பழையபடி நிலையில் தொங்கியது. ஆனால் சிவகாமிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தாத்தா மன்னித்துவிட்டார் என்று புருஷன் நம்புகிறான். சம்பலில் இனி மிளகாய் மட்டும்தான். அடுத்த சனிக்கிழமை அவன் தலைவாரி, சட்டை மாற்றி, விசிலடித்துக்கொண்டு சைக்கிளில் கிளேபாங் பக்கம் போனபோது, அவள் தாழ்வாரத்தில் நின்று பார்த்தாள்.

பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டான். அவள் கிட்டே போய் மோந்து பார்த்தாள். வியர்வை மட்டும்தான்.

"என்ன ஆச்சு?"

"எல்லாரும் எழுந்து நிக்கிறானுங்க," என்றான் சின்னப்பா, பெரிய அநியாயம் நடந்ததுபோல். "கள்ளுக்கடையில நான் உள்ள போனதும் அத்தனை பேரும் எழுந்துட்டானுங்க. ஒருத்தன் சுருட்டை அணைச்சான். தியாகு இருக்கானே, கள்ளு ஊத்துறவன், அவன் கையைக் கழுவிட்டு வந்து கும்பிடுறான். 'அண்ணே, தாத்தாகிட்ட கேட்டு ஒரு லாட்டரி நம்பர் சொல்லுங்கலா'ங்கிறான். ஒரு மக்கு கள்ளு குடுடான்னா, 'ஐயோ, உங்க கையிலயா, பாவம் வந்துரும்'ங்கிறான். ஒரு கிழவன் காலைத் தொட்டுட்டான், சிவகாமி. எப்படிக் குடிக்கிறது?"

சிவகாமி சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையாக மாறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உரல், ஜாடி, மாமி, டாக்டர். சொல்ல வேண்டுமென்று நினைத்திருக்கவில்லை. ஆனால் சித்தப்பாவின் சாம்பல் உதடு ஒரு வாரமாக அவள் கண்ணிலேயே நின்றது.

சின்னப்பா சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"என்னைக் கேக்காம எனக்கு விஷம் வெச்சே."

"ஆமா."

"செடித் தொட்டியைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பார்த்தப்பவே ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் துப்பினீங்க?"

படத்தைப் பார்த்தான். "அப்போ இவர்?"

"இவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, அபாங்."

எல்லாவற்றையும்விட அதுதான் அவனைச் சுட்டது. "தினமும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து இந்தக் கிழவனுக்குச் சாம்பிராணி போட்டேன்," என்றான். "சித்தப்பாகிட்ட உண்மையைச் சொன்னா வீடு போச்சு. சொல்லாம குடிச்சா, தாத்தா மன்னிச்ச ஆளு மறுபடி சாக்கடையில கிடக்கிறான்னு ஊரே சொல்லும். அப்பவும் வீடு போச்சு. மூணாவது வழி ஏதாவது வெச்சியா நீ?"

"டாக்டர் வெச்சிருக்கார். நீங்களே வரணும்னார்."

"அந்த மாத்திரை கசக்கும்."

"செடி ஒண்ணும் சொல்லலையே."

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் சின்னப்பா கிளினிக்கில் சைக்கிளை நிறுத்தினான். டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து அவனிடமே விளக்கிச் சொன்னார். அவன் டாக்டருக்கு முன்னால் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டினான். டாக்டர் நாக்கைத் தூக்கச் சொன்னார். தூக்கினான்.

வருஷக் கடைசி வரைக்கும் அவன் தினமும் அங்கே போய் விழுங்கினான். இடையில் ஒருமுறை தவறினான். தீபாவளிக்கு முந்தைய வாரம், நான்கு நாள் போகாமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் குடித்து, படுத்த படுக்கையாகி, தானே டாக்டருக்குச் சொல்லியனுப்பினான். மறுபடியும் ஆரம்பித்தான்.

1958 ஜனவரி 13ஆம் தேதி அந்த வீட்டில் போகிப் பர்ச்சு நடந்தது. பொன்னுதுரை பிள்ளையின் இலையோரம் ஒரு கிளாஸ் காப்பி வைத்தார்கள். ராமலிங்கம் பிள்ளை ஆட்சேபிக்கவில்லை. கதவு திறந்தபின் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். யாரும் விழவில்லை.